மீண்டு வந்தவர் மேல் ஏன் சந்தேகம்? சைக்கிளோட்டமும் இரத்தக் கணக்கும்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதி சுமார் 8 கிலோமீற்றர். அக்காவின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் சைக்கிள் ஏறுவான். நான் பஸ்ஸில் முன்னால் போய், டவுனுக்குள் நுழையும் இடத்தில் உள்ள தேத்தண்ணிக் கடையில் காத்திருப்பேன். வேர்வை காய்வதற்குள் குளிர் பிடித்துவிடும் என்று அவன் வந்ததும் ஸ்வெட்டரைக் கையில் கொடுப்பது என் வேலை. 2024 ஜூலையில் ஒருநாள், பிளேன்டியை ஊதிக்கொண்டே கேட்டான்:

“மாமா, ஏப்ரல்ல விழுந்து நுரையீரல் பொத்துப்போன ஆளு, ஜூலைல டூர் டி பிரான்ஸ்ல ரெண்டாவதா வர்றாரு. நம்பலாமா?”

அவன் கேட்டது டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோரைப் பற்றி. 2024 ஏப்ரல் 4ஆம் திகதி ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் நடந்த போட்டியில் இறக்கத்தில் விழுந்து, காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் காயப்பட்டு, 12 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மூன்று மாதம் நிறைவதற்குள், மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிளோட்டமான டூர் டி பிரான்ஸில் வந்து நின்றார். அதில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றார். தடேய் பொகாச்சருக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் எடுத்தார். ஊக்கமருந்துச் சோதனை எதிலும் அவர் அகப்பட்டதில்லை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படியிருந்தும் 17 வயதுப் பையனுக்கு முதலில் வந்த கேள்வி “எப்படிக் குணமானார்” என்பது இல்லை, “நம்பலாமா” என்பதுதான்.

கிரிக்கெட்டில் காயப்பட்டவர் திரும்பி வந்தால் கைதட்டுகிறோம். சைக்கிளோட்டத்தில் மட்டும் மனசுக்குள் ஏதோ தடுக்கிறது. சூடுகண்ட பூனையின் பயம் அது. அந்தச் சூடு எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்பதை அன்று அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன்.

சரி, இரத்தத்திலிருந்து தொடங்குவோம். தசை வேலை செய்ய ஒட்சிசன் வேண்டும். அதை நுரையீரலில் ஏற்றிக் காலில் இறக்குவது செங்குழியங்கள். 40 நிமிடம் விடாமல் மலை ஏறுகிறவருக்குக் கால் எவ்வளவு பலமாக இருந்தாலும், ஒட்சிசன் வந்து சேரும் அளவுக்கு மேல் அழுத்த முடியாது.

இரத்தத்தில் செங்குழியத்தின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் எண்ணை நம்மில் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். டெங்குவோ என்று சந்தேகம் வந்தால் எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள் அல்லவா? அந்த ரிப்போர்ட்டில் பிளேட்லட்டைப் பார்த்துப் பதறுவோம். அதே தாளில் பி.சி.வி. என்று இன்னொரு வரி இருக்கும். 100 பங்கு இரத்தத்தில் செங்குழியம் எத்தனை பங்கு என்பதே அது. ஆண்களுக்கு 40இலிருந்து 50 வரை சாதாரணம். டெங்கு கடுமையாகும்போது இந்த எண் ஏறும். புதிய செங்குழியம் உண்டானதால் ஏறுவதில்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போவதால், மிச்ச இரத்தம் தடிப்பாகிவிடுகிறது. சேலைன் ஏற்றினால் எண் இறங்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

செங்குழியத்தை உண்டாக்கச் சொல்லி எலும்பு மச்சைக்குக் கட்டளை அனுப்புவது சிறுநீரகம். அந்தக் கட்டளையின் பெயர் எரித்ரோபொயட்டின், சுருக்கமாக ஈபிஓ. உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் ஐதாக இருப்பதால் சிறுநீரகம் இந்த ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். அதனால்தான் சைக்கிள் வீரர்கள் தெனெரிஃபே தீவின் டெய்டே மலையில், 2000 மீற்றருக்கு மேல், வாரக் கணக்கில் போய்த் தங்குகிறார்கள். இதற்கு எந்தத் தடையும் இல்லை. நம் நுவரெலியா 1868 மீற்றர். காசு செலவழித்து அவர்கள் தேடிப்போகும் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நாம் பிறந்தே இருக்கிறோம் என்று சொன்னபோது பையனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

சிறுநீரகம் பழுதானால் ஈபிஓவும் குறைந்துவிடும். அப்படிப்பட்ட நோயாளிகளுக்காகவே செயற்கை ஈபிஓவைத் தயாரித்தார்கள். 1980களின் கடைசியில் அது மருந்தாகச் சந்தைக்கு வந்தது. எங்கள் பெரியப்பா கண்டிக்குப் போய் டயலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்த ஊசியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூட்டில் கெட்டுவிடும் என்பதால் வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, நடுவில் ஊசியைப் பொலித்தீனில் சுற்றி வைத்து, கண்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறிய ஊசி. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுவார்கள். அதற்கு முன்னால், ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் 42 படியில் பெரியப்பா மூன்று இடத்தில் உட்காருவார். ஊசி தொடங்கி இரண்டு மாதம் போனபின் ஒரே இடத்தில் மட்டும் நின்று, அங்கிருந்தபடியே என்னைக் கூப்பிட்டு, “எங்க நின்னுட்ட, வா” என்றார். ஈபிஓ என்ன செய்யும் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வரும்.

நோயாளியைப் படி ஏற்றிய அந்த ஊசியை, ஏற்கெனவே உலகத்திலேயே நன்றாக மலை ஏறக்கூடிய ஆரோக்கியமான மனிதர்களுக்குப் போட்டால்? 1990களில் ஐரோப்பியச் சைக்கிளோட்டத்தில் நடந்தது அதுதான். கண்டுபிடிக்கச் சோதனை கிடையாது. உடல் சுரக்கும் ஈபிஓவையும் ஊசியில் வந்ததையும் பிரித்துப் பார்க்கும் முறை 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரைக்கும் சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் 1997இல் ஒரு எல்லைக்கோடு போட்டுவைத்தது: பி.சி.வி. 50ஐத் தாண்டினால் உடல்நலம் கருதிக் கொஞ்ச நாள் ஓடக்கூடாது. பலன் என்னவென்றால், 50 என்பது எட்டிப் பிடிக்கும் இலக்காகிவிட்டது. இங்கேதான் டெங்குப் பாடம் தேவைப்படுகிறது. சோதனைக்காரர் கதவைத் தட்டினால் அவசரமாகச் சேலைன் ஏற்றுவார்கள், எண் இறங்கிவிடும், செங்குழியம் அப்படியே இருக்கும். 1998இல் ஃபெஸ்டினா அணியின் காரிலிருந்து ஒரு வண்டி மருந்து பிடிபட்டது. 1999இல் இத்தாலியின் மார்கோ பந்தானி, தன் நாட்டின் மூன்று வாரப் போட்டியான ஜீரோ டி இத்தாலியாவில் முன்னணியில் இருக்கும்போதே பி.சி.வி. 52 காட்டி வெளியேற்றப்பட்டார். 2004இல் ஒரு ஹோட்டல் அறையில் இறந்து கிடந்தார், வயது 34. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் வருகிறது.

இப்படி எல்லாம் அழுகிப்போய்க் கிடந்த நேரத்தில்தான் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ரோங் மீண்டு வந்தார். 1996 ஒக்டோபரில் அவருக்கு விரைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. பிழைப்பதே அரிது என்ற நிலையிலிருந்து எழுந்து 1999இல் டூர் டி பிரான்ஸை வென்றார். அதிலிருந்து 2005 வரை தொடர்ந்து வென்றார், மொத்தம் ஏழு தடவை. புற்றுநோய் வார்டில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த தாய்மார் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவருடைய புற்றுநோய் நிதியத்தின் மஞ்சள் கைப்பட்டியைக் கோடிக்கணக்கானோர் அணிந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. நோயில் கிடப்பவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும், அவர் அந்தப் பிடிமானமாக இருந்தார். பொய் வெளியே வந்தபோது அவ்வளவு ஆழமாக வலித்ததும் அதனால்தான்.

ஆனால் அன்றே சிலர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நோய்க்கு முன்னால் அவர் நல்ல வீரர், 1993இல் 21 வயதிலேயே உலகச் சம்பியன். எனினும் டூரில் அவர் எடுத்த மிகச் சிறந்த இடம் 36ஆவது, 1995இல். மூன்று வார மலைப்போட்டியில் 36ஆவதாக வந்தவர், சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்து, எல்லோரையும் நிமிடக் கணக்கில் பின்தள்ளுகிறார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கவ்வாத்து வெட்டிய மலை உடனே கொழுந்து தராது. வெறும் குச்சியாக நிற்கும், துளிர்க்கும், மட்டம் கட்டி எடுப்பார்கள், மாதங்கள் போனபின்தான் கூடை நிறையும். பிறகு முன்பைவிட நன்றாகவும் விளையலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெட்டின இரண்டாம் மாதமே அந்த மலையிலிருந்து கூடை கூடையாக வந்தால், கணக்கப்பிள்ளை முதலில் கேட்பது “எந்த மலைக் கொழுந்து இது?” என்றுதான். அப்படிக் கேட்பதை அவமானம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸின் கிறிஸ்தோஃப் பசோன் ஃபெஸ்டினா அணியிலேயே இருந்து மருந்தைத் தொடாதவர் என்று பெயர் எடுத்தவர். 1999 டூரில் ஓடிக்கொண்டே ஒரு பத்திரிகைக்கும் எழுதினார். சைக்கிளோட்டம் இன்னும் சுத்தமாகவில்லை என்று எழுதினார். போட்டியின் நடுவில் ஆர்ம்ஸ்ட்ரோங் பக்கத்தில் வந்து, இப்படிப் பேசுவது சைக்கிளோட்டத்துக்குக் கெடுதல், வீட்டுக்குப் போவது நல்லது என்றார். மற்ற வீரர்களும் பசோனோடு பேச்சை நிறுத்தினார்கள். சில நாளில் பசோன் டூரை விட்டே போனார். ஐரிஷ் பத்திரிகையாளர் டேவிட் வோல்ஷ் எழுதிய சந்தேகங்களுக்காக அவருடைய பத்திரிகை வழக்கைச் சந்தித்துப் பணம் கட்டியது. ஆர்ம்ஸ்ட்ரோங்கின் அணியில் உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்த எம்மா ஓ’ரைலி, 1999இல் அவருடைய சோதனையில் ஒரு ஸ்டீரொயிட் அகப்பட்டதை மறைக்கப் பின்திகதியிட்டு மருந்துச் சீட்டு எழுதப்பட்டது என்று சொன்னதற்காக இழிவுபடுத்தப்பட்டார். இவர்களை நான் வென்றவர்களுக்கு மேலே வைக்கிறேன்.

2005இல் ஆர்ம்ஸ்ட்ரோங் ஓய்வு பெற்றார். 2008 செப்டெம்பரில் மறுபடி வருகிறேன் என்று அறிவித்தார். இந்த இரண்டாவது மீள்வருகைதான் பாடம் படிக்க இன்னும் நல்லது, ஏனென்றால் இந்தத் தடவை இரத்தக் கணக்கு கையில் இருந்தது. வந்தபோது, ஒரு தனி விஞ்ஞானியை வைத்து என் சோதனை முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவேன் என்றார். அந்தத் திட்டம் சரியாகத் தொடங்குமுன்னே கைவிடப்பட்டது. 2009 டூரில், 37 வயதில், மூன்றாவதாக வந்தார்.

அதற்கு முந்திய வருடம், 2008இல், சைக்கிளோட்டத்தில் உயிரியல் கடவுச்சீட்டு என்ற முறை வந்திருந்தது. பெயர்தான் பெரிசு, விஷயம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அம்மா 30 வருடம் கொழுந்து எடுத்தவர். மடுவத்தில் அவர் கூடையை நிறுத்துக் கணக்கில் போடுவார்கள். 18, 20, மழை நாளில் 14, கொழுந்து காலத்தில் 26. ஒருநாள் திடீரென்று 45 என்று விழுந்தால், தராசு 45ஐக் காட்டுவது சட்டவிரோதம் இல்லைதான். பக்கத்து நிரையில் கைவேகமான ஒருவர் 45 எடுத்தும் இருக்கலாம். ஆனாலும் அம்மாவின் பழைய கணக்கைப் பார்க்கிறவருக்கு 45 உறுத்தும். கடவுச்சீட்டு செய்வது இதைத்தான். எல்லோருக்கும் 50 என்று ஒரே கோடு போடாமல், ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய சொந்த இரத்த எண்களை வருடக் கணக்கில் எழுதிவைத்து, அவருக்கென்று மேல்கோடும் கீழ்கோடும் போடுகிறது. கோட்டைத் தாண்டினால் பெயர் மறைக்கப்பட்ட நிலையில் நிபுணர்கள் பார்ப்பார்கள். ஊசி கையில் அகப்பட வேண்டியதில்லை, ஊசி விட்டுப்போன தடம் போதும்.

தடம் எப்படி இருக்கும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஈபிஓவுக்குச் சோதனை வந்தபின் பலர் பழைய வழிக்குத் திரும்பினார்கள்: போட்டிக்கு வாரங்களுக்கு முன் தங்கள் இரத்தத்தையே பையில் எடுத்து, குளிரில் வைத்து, போட்டியின் நடுவில் திரும்ப ஏற்றிக்கொள்வது. தன் இரத்தமே என்பதால் அந்நியப் பொருள் என்று எதுவும் அகப்படாது. ஆனால் உடம்பு ஏமாறுவதில்லை. செங்குழியம் போதிய அளவு இருக்கிறது என்று தெரிந்தால், எலும்பு மச்சை புதியதை உண்டாக்குவதைக் குறைத்துவிடும். புதிதாகப் பிறந்த இளம் செங்குழியங்களை ஆய்வுகூடத்தில் தனியாக எண்ண முடியும். மொத்தம் கூடவாக இருந்து, இளசு மட்டும் அசாதாரணமாகக் குறைந்திருந்தால், அங்கே கேள்வி பிறக்கிறது.

இன்னொரு தடமும் உண்டு. மூன்று வாரம் நாளுக்கு நான்கைந்து மணித்தியாலம் ஓடுகிறவருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதனால் பி.சி.வி. மெல்ல மெல்ல இறங்க வேண்டும். 2009 மே மாத இத்தாலியப் போட்டியில் ஆர்ம்ஸ்ட்ரோங்கின் எண்கள் அப்படித்தான் இறங்கின. ஜூலையில், டூரில், இறங்கவில்லை. அவர் வெளியிட்ட எண்களையே வைத்து ஒரு டென்மார்க் விஞ்ஞானி அந்த வருடமே இதைச் சுட்டிக்காட்டினார். அன்று எந்த வழக்கும் வரவில்லை.

2012 ஒக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகவரகத்தின் அறிக்கை வந்தது. 26 பேரின் சாட்சியம், அதில் 11 பேர் அவருடைய பழைய அணித் தோழர்கள். 2009, 2010 காலத்து இரத்த எண்கள் இயற்கையாக அமைவதற்குப் பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புத்தான் உண்டு என்று அதில் ஒரு நிபுணரின் கணிப்பு. ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார். மீள்வருகைக் காலத்தில் மட்டும் எதுவும் எடுக்கவில்லை என்று அன்றும் மறுத்தார். நூற்றுக்கணக்கான சோதனைகளில் அகப்படவில்லை என்பதுதான் அவர் வருடக் கணக்காகக் காட்டிய அத்தாட்சி. அகப்படவில்லை என்றால் எடுக்கவில்லை என்று அர்த்தமில்லை என்பதை உலகம் அவரிடம்தான் படித்தது. பையனுக்கு ‘நம்பலாமா’ என்று வாய்க்கு வந்ததன் வேர் இங்கே இருக்கிறது, அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஊன்றிய வேர்.

அப்படியானால் மீண்டு வருகிற எல்லோரையும் தூக்கிக் குப்பையில் போடலாமா? கூடாது. அமெரிக்கச் சைக்கிள் வீரர் கிரெக் லெமொண்ட் 1987இல் வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டவர். எடுக்க முடியாத சன்னங்கள் உடம்பிலேயே தங்கிவிட்டன. இரண்டு வருடம் போட்டிகளில் பின்னால் கிடந்து, இழுபட்டு, 1989 டூரை வெறும் 8 செக்கனில் வென்றார். அவர் 1986இலேயே வென்றவர், அதனால் திரும்பி வந்து தொட்டது தன் பழைய உயரத்தைத்தான். ஆர்ம்ஸ்ட்ரோங்கைப் பற்றி 2001இலேயே வாய் திறந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது கூடுதல் செய்தி.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சுசந்திகா ஜயசிங்க மீது 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்தது. ஊரே பேசியது. பிறகு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 2000 சிட்னியில் 200 மீற்றரில் வெண்கலம் எடுத்தார். அந்த ஓட்டத்தில் தங்கம் வென்ற மரியன் ஜோன்ஸ்தான் 2007இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒத்துக்கொண்டார், சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. குசல் ஜனித் பெரேராவை 2015 டிசெம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவில் இடைநிறுத்தினார்கள். ஐந்து மாதம் போனபின், ஆய்வுகூட முடிவு நிற்காது என்று சொல்லிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். 2019 பெப்ரவரியில் டர்பனில், கடைசி விக்கெட்டோடு நின்று, ஆட்டமிழக்காமல் 153 ஓட்டங்கள் அடித்து வெற்றி தேடிக்கொடுத்ததும் அதே குசல்தான். அன்று நான் ரேடியோவுக்குப் பக்கத்திலிருந்து எழும்பவேயில்லை. அந்த ஐந்து மாதத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

ஆகவே சந்தேகப்படுவதிலும் ஒரு முறை இருக்கிறது. “இவ்வளவு வேகமா? அப்ப மருந்துதான்” என்பது சந்தேகம் இல்லை, தீர்ப்பு. 2024இல் பிளாட்டோ டி பெய் மலையில் பந்தானியின் 1998ஆம் ஆண்டு நேரத்தைப் பொகாச்சர் மூன்று நிமிடத்துக்கு மேல் முந்தினார். கேள்வி கேட்க வேண்டிய எண்தான் அது. அதே மூச்சில், 26 வருடத்தில் சைக்கிளும் டயரும் எவ்வளவு மாறின, ஓடும்போதே மணித்தியாலத்துக்கு எத்தனை கிராம் மாச்சத்து சாப்பிடப் பழகிவிட்டார்கள், அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, மலையடிவாரம் வரை யார் முன்னால் இழுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். மீண்டு வந்தவரைப் பற்றி நான் பார்ப்பது அவருடைய பழைய கணக்கை: முன்னால் எந்த உயரத்தில் இருந்தார், எவ்வளவு நாளில் எங்கே வந்து நிற்கிறார், கேள்வி கேட்கிறவரை எப்படி நடத்துகிறார். விங்ககோர் விபத்துக்கு முன் 2022, 2023 இரண்டு வருடமும் டூரை வென்றவர், 2024இல் ஆறு நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். என் கணக்கில் அது உறுத்தவில்லை. நாளைக்கு வேறு எண் வந்தால் மறுபடி பார்ப்பேன்.

பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினான். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து டவுன் வரை ஏறிய நேரத்தைத் திகதி போட்டு எழுதுகிறான். 31 நிமிடம், 30.40, காய்ச்சலுக்குப் பிறகு 34, மறுபடி 31. ஒரு வரியில் மட்டும் 27.50 என்று இருந்தது. விரலை வைத்துக் கேட்கப்போனேன். பக்கத்திலேயே பென்சிலால் எழுதியிருந்தான்: “மரக்கறி ஏத்தப்போன வெறும் லொறிக்குப் பின்னால ஒட்டி வந்தது.”